அதைத் தவிர வேறு என்ன குறை?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். என் முழங்காலையும் உன் அப்பாவையும் தவிர மற்றதெல்லாம் இங்கே நலம். அங்கே குளிர் குறைந்துவிட்டதா? மாப்பிள்ளைக்கு இரவு வேலை முடிந்து பகல் வேலை கொடுத்துவிட்டார்களா? போனில் பேசினால் போதாதா என்று கேட்பாய். போன் முழுநேரமும் உன் அப்பா கையில்தான் இருக்கிறது. அவர் காதில் விழாமல் உன்னிடம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

ரிட்டயரான மனுஷருக்கு ஒரு பிடிப்பு வேண்டும், தேர்தலில் நிற்கட்டும் விடு என்று போன மாதம் சொல்லிவிட்டு நீ பாட்டுக்குப் போனை வைத்துவிட்டாய். மாட்டிக்கொண்டது நான். ஊரில் இருக்கிற தராசையும் படிக்கல்லையும் சோதிக்கிற இன்ஸ்பெக்டராகவே வேலைக் காலத்தைக் கழித்தவர் இல்லையா? ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? இப்போது வீட்டுச் சுவரைச் சோதிக்கிறார். கூடத்துச் சுவரில் ஒரு விரிசல் இருக்குமே, உன் கல்யாண போட்டோவுக்குக் கீழே, அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் ஸ்கேலை வைத்து அளந்தாக வேண்டும். விரிசலுக்குக் காரணம் பஸ்தான் என்பது அவர் தீர்ப்பு.

பாலத்தைப் பழுது பார்க்க மூடியபோது பஸ்ஸை நம் தெரு வழியாகத் திருப்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தேன். இப்போது பாலம் தயார். பஸ் பழையபடி மேட்டு ரோட்டில் போவதா, நம் தெருவிலேயே ஓடுவதா என்று ஆளுக்கு ஒன்று பேசினார்கள். நகரசபை நமக்கேன் வம்பு என்று அந்தக் கேள்வியை ஜனங்களிடமே தள்ளிவிட்டது. அதனால் இந்தத் தேர்தலில் இரண்டு சீட்டு. வெள்ளைச் சீட்டில் நம் வார்டுக்கு யார் உறுப்பினர் என்று குத்த வேண்டும். மஞ்சள் சீட்டில் பஸ் நம் தெருவில் வேண்டும் அல்லது வேண்டாம் என்று குத்த வேண்டும். உன் அப்பா வெள்ளைச் சீட்டில் நிற்பதே, மஞ்சள் சீட்டில் எல்லாரையும் வேண்டாம் என்று குத்த வைக்கத்தான்.

அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பஸ் வரும்போது அலமாரியில் டம்ளர் எல்லாம் கிடுகிடு என்று ஆடுகிறது. மத்தியானம் கண்ணயர முடிவதில்லை. ஆனால் எனக்கு அந்த பஸ் வேண்டும். உன் சித்திக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் போய்த்தான் மத்தியானச் சாப்பாடு ஊட்டி, தலை வாரிவிட்டு வருகிறேன். அவள் மகன் காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறான். பஸ் நம் வாசலில் ஏற்றி அவள் வாசலில் இறக்கிவிடுகிறது. மேட்டு ரோட்டு ஏற்றத்தில் இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் ஏற முடியாது. பஸ் போனால் என் தங்கையைப் பார்க்க எனக்கு வழி இல்லை. இதைச் சுற்றி வளைக்காமல் உனக்கு எழுதிவிட்டேன்.

அப்பாவிடம் சொல்லாமலா இருப்பேன்? சொன்னேன். ஸ்கூட்டரில் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து அந்த ஸ்கூட்டர் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் தூங்குகிறது. அதை எடுத்தால் முதலில் கீழே விழப்போவது நான்தான்.

ஓட்டுக் கேட்கிற அழகை நீ பார்க்க வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, “உங்க வீட்டுல என்ன குறை?” என்று கேட்கிறார். தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்றால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறார். யாராவது வாய் தவறி பஸ் வேண்டும் என்று சொல்லிவிட்டால், “அதத் தவிர வேற என்ன குறை?” என்கிறார். இதைக் கேட்டுக் கேட்டு எதிர்வீட்டுக் குழந்தை, வீட்டுப்பாடம் எழுதினாயா என்று அதன் அம்மா கேட்டால், அதைத் தவிர வேறு கேள் என்கிறதாம்.

எதிரே நிற்கிறவர்கள் மட்டும் என்ன வாழ்கிறது? ஒருவர் கொத்தனார். பஸ் இருக்கட்டும் என்கிறார். ஆனால் அவருக்கு உலகத்தில் எந்தக் கஷ்டத்துக்கும் குழாய்தான் காரணம். இன்ஸ்பெக்டர் வீட்டு விரிசல் பஸ்ஸால் வந்ததில்லை, குளியலறைக் குழாய் ஒழுகி வந்தது, ஜெயித்தாலும் தோற்றாலும் நானே வந்து பார்க்கிறேன் என்று மைக்கில் சொல்லிவிட்டார். நம் வீட்டுக் குளியலறை ஊர் முழுக்க நாறியது. இன்னொருவர் பல் டாக்டர், மதில் மேல் பூனை. பஸ் வேண்டும் என்கிறவர்களிடம் வேண்டும் என்கிறார், வேண்டாம் என்கிறவர்களிடம் அதுவும் யோசிக்க வேண்டிய விஷயம்தான் என்கிறார். பல்லைப் பிடுங்கும்போதும் இப்படித்தான் யோசிப்பாரோ என்னவோ.

தெருப் பெண்களோ அப்பா முகத்துக்கு நேரே சரி சார், சரி சார் என்கிறார்கள். அவர் தலை மறைந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா, சாருக்கு ஓட்டுப் போடுகிறோம், ஆனால் பஸ்ஸை மட்டும் விட மாட்டோம், சாரிடம் சொல்லிவிடாதீர்கள் என்கிறார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நானும் அவர்கள் கட்சிதான் என்று சொல்ல முடியுமா? வேட்பாளர் சம்சாரமாயிற்றே.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன வாரம் என்ன சொன்னார் தெரியுமா? நம் வீட்டு வாசல் ஸ்டாப்பில் நான் பஸ் ஏறக் கூடாதாம். பஸ் வேண்டாம் என்கிறவர் பெண்டாட்டியே அதில் ஏறுகிறாள் என்று யாராவது போட்டோ எடுத்துவிட்டால் மானம் போய்விடுமாம். தேர்தல் முடிகிற வரைக்கும் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்து போய் ஏறு என்கிறார். நானும் புத்தி கெட்டுப்போய்ச் சரி என்றேன். சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, திருடி மாதிரி சந்து வழியாகப் போகிறேன். எனக்கு வருகிற கோபத்துக்கு அந்த ஸ்கேலை உடைத்துப் போடலாம் போலிருக்கிறது.

சித்தியிடம் சொன்னேன். வியாதி வந்த பிறகு அவள் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசுகிறாள், அந்த நாலையும் உன் அப்பாவைத் திட்டச் செலவழிக்கிறாள். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அப்புறம், அவரை ஒரு தடவை வரச் சொல் என்றாள். ஊரில் எல்லா வாசலிலும் நிற்கிறவர் அவள் வாசலில் மட்டும் இதுவரை நிற்கவில்லை. அவள் வீடு வேறு வார்டு.

நீ ஒரு வார்த்தை அவரிடம் பேசு. அம்மா சொன்னாள் என்று மட்டும் சொல்லாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா

*

அன்பு மகளுக்கு,

ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, கையில் மை காய்வதற்குள் இதை எழுதுகிறேன். எண்ணிக்கை நாளைக்குத்தான். நீ அப்பாவிடம் பேசியது தெரியும். உன் பொண்ணுக்கு அங்கே உட்கார்ந்துகொண்டு இந்த ஊர்ச் சுவரைப் பற்றி என்ன தெரியும் என்று என்னிடம் பாய்ந்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். சரி, உன் பங்குக்கு நீ செய்தாய்.

பிரசாரத்தின் கடைசி நாளில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். நோட்டீஸில் இருக்கிற படம் அப்பாவின் பழைய படம், கண்ணாடி போடாதது. நேரில் கண்ணாடியோடு போனால் ஜனங்களுக்கு அடையாளம் தெரியாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஓட்டுக் கேட்டார். ஜனங்களுக்கு அவரைத் தெரிந்தது, அவருக்குத்தான் யாரையும் தெரியவில்லை. பல் டாக்டர் வீட்டிலேயே போய் டாக்டரிடமே ஓட்டுக் கேட்டிருக்கிறார். அவரும் யோசிக்கிறேன் என்றாராம்.

அன்றைக்கு நான் வழக்கம்போல அடுத்த ஸ்டாப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாதி வழியில் முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. சாத்தியிருந்த சைக்கிள் கடைப் படியில் டப்பாவை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வெயில் வேறு. சித்தி பசியோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பாளே என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையை முகத்தில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஒரே சத்தம். உன் அப்பாவும் அவர் கூட்டமும். யாரோ ஒரு அம்மாள் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் நேரே என்னிடம் வந்தார். மை வாசனை போகாத நோட்டீஸை நீட்டி, குரலைத் தாழ்த்தி, எவ்வளவு மரியாதையாகக் கேட்டார் தெரியுமா?

“சொல்லுங்கம்மா, உங்க வீட்டுல என்ன குறை?”

கூட வந்தவர்களுக்கு நான் யார் என்று தெரியும். ஆளுக்கொரு நோட்டீஸால் வாயை மறைத்துக்கொண்டார்கள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் நினைத்துப் பார்த்தேன். இவ்வளவு வருஷம் குடித்தனம் பண்ணியதில் இந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டதே இல்லை. இன்றைக்குக் கேட்டுவிட்டார், பதில் சொல்லாமல் ஏன் விட வேண்டும்?

“பஸ் வேணும்” என்றேன்.

“அதத் தவிர…” என்று வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். குரல் பிடிபட்டுவிட்டது. பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், நான் பிடித்துக்கொண்டிருந்த காலைப் பார்த்தார். எனக்கு அவரைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, ஐயோ பாவம் என்றும் இருந்தது.

அதற்குள் பஸ்ஸும் வந்துவிட்டது. அங்கே ஸ்டாப் கிடையாது. ஆனால் டிரைவர் என்னை அடிக்கடி பார்க்கிறவர், உட்கார்ந்திருப்பதைக் கண்டு நிறுத்திவிட்டார். உன் அப்பா நோட்டீஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். எதிர்த்து ஊரெல்லாம் பேசிய அதே பஸ்ஸின் படியில், அத்தனை பேர் பார்க்க, என்னை ஏற்றிவிட்டார். டப்பாவை எடுத்துக் கொடுத்தார். “மெதுவாப் போங்க, அவங்களுக்கு முழங்கால் வலி” என்று டிரைவரிடம் சொன்னார். யாராவது போட்டோ எடுத்தார்களா என்று நான்தான் பயந்து பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் கூட்டத்தில் பேசப் போனவர் தெரு விளக்கைப் பற்றியும் சாக்கடையைப் பற்றியும் பேசிவிட்டு இறங்கிவிட்டாராம். பஸ் பேச்சே எடுக்கவில்லையாம். மறுநாள் காலையில் விரிசலை மட்டும் வழக்கம்போல அளந்தார். பிறவிக் குணம் எங்கே போகும்?

இன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே பள்ளிக்கூடத்துக்குப் போனோம், அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். வரிசையில் யாரோ கேலியாகப் பார்த்தார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை. நான் என்ன செய்தேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். வெள்ளைச் சீட்டில் உன் அப்பாவுக்குத்தான் குத்தினேன். என்ன இருந்தாலும் அந்தக் கொத்தனாரைவிடவும் டாக்டரைவிடவும் இவர் நாணயமானவர், சாக்கடையைத் தூர்வார வைப்பார். மஞ்சள் சீட்டில் வேண்டும் என்று குத்தினேன். இரண்டையும் மடித்துப் பெட்டியில் போட்டேன். அவர் சுவருக்கு நான் துரோகம் செய்துவிட்டேனோ என்று ஒரு பக்கம் உறுத்துகிறது. தங்கை முகத்தை நினைத்தால் அந்த உறுத்தல் போன இடம் தெரியவில்லை.

திரும்பி வரும் வழியில் நானாகத்தான் ஆரம்பித்தேன். நாளைக்குச் சித்திக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும், எந்த ஸ்டாப்பில் ஏறட்டும் என்று கேட்டேன். “நம்ம ஸ்டாப்புலயே ஏறு, அதான் வாசல்லயே இருக்கே” என்றார், என்னவோ நான்தான் இத்தனை நாளும் வீம்புக்கு நடந்தது மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி, மஞ்சள் சீட்டில் நீங்கள் என்ன குத்தினீர்கள் என்று கேட்டுவிட்டேன். ஒரு மாதமாக மைக் வைத்து, வாசல் வாசலாக நின்று, மஞ்சள் சீட்டில் வேண்டாம் என்று குத்துங்கள் என்று தொண்டை கட்டக் கத்தினவர்.

“ஓட்டு ரகசியம்” என்றார்.

சொல்லிவிட்டு என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

நாளைக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் அவர் உன்னைத்தான் முதலில் கூப்பிடுவார். எவ்வளவு ஓட்டு என்று கேள், சாப்பிட்டாரா என்று கேள். பஸ்ஸைப் பற்றி மட்டும் நீ கேட்காதே, அவராகச் சொன்னால் கேட்டுக்கொள். நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள். சித்தி உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். நீங்கள் நல்லபடியாக வந்து இறங்கும்போது, அந்த பஸ் நம் வாசலிலேயே வந்து நிற்கட்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா