கண்ணீரில் எண்ணெய்

என்னங்க,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அத்தை நலமா? எனக்குக் கண்ணெரிச்சல் மட்டும்தான், பயப்படாதீர்கள். ஆறு மாதமாகக் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்து, வீட்டு நினைப்பில் அழுகிறேன் என்றே தையல் கூடத்தில் எல்லோரும் நம்பிவிட்டார்கள். மூன்று விதமான சொட்டு மருந்து போட்டும் கேட்கவில்லை. ஊசிமுனை கண்ணுக்கு மங்கலாகத் தெரியத் தொடங்கியதும் கண் டாக்டரிடம் போனேன். அவர் இமையை அழுத்திப் பார்த்தார்.

“கண்ணு காஞ்சு போயிருக்கும்மா.”

“காஞ்ச கண்ணுல எப்படி டாக்டர் தண்ணி கொட்டும்?”

“கண்ணீர்ல எண்ணெயும் இருக்கணும். உங்க இமையில அது அடைச்சிருக்கு. அதனால கண்ணீர் சீக்கிரம் உலருது, எரியுது. எரிச்சல்ல மறுபடி தண்ணி கொட்டுது.”

கண்ணீரில் எண்ணெய்! உங்களுக்குத் தெரியுமா? பார்வைக்கு ஆபத்தில்லையாம். தினமும் வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும். அதற்கு உங்கள் பழைய பருத்திச் சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், நானே துவைத்துக்கொள்கிறேன்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் தையல்காரி