எண்ணெய் குடிக்காத வண்டி

நேற்றுச் சாயங்காலம் நம் வண்டியை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்திருந்தார். மகன்தான் பேசி வரச் சொல்லியிருக்கிறான். வந்தவர் முன்மூடியைத் தூக்கி, ஆயில் அளக்கும் குச்சியை உருவி வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார். என் கை என்னைக் கேட்காமலே நீண்டது. "இங்கன கொடுங்க" என்று வாங்கி முகர்ந்தேன். மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீங்கள் இருந்திருந்தால் அவரை உட்காரவைத்து அரைமணி நேரம் கதை சொல்லியிருப்பீர்கள். நீங்கள் இல்லை, அதனால் உங்களுக்கே சொல்கிறேன்.

என் அப்பா கால் முறிந்து கிடந்த அந்தக் கோடையில் நீங்கள் அடித்த தம்பட்டம் கொஞ்சமா? நம் தீப்பெட்டி ஆபீஸுக்கு வருகிற அத்தனை பேரிடமும், "நம்ம வண்டி ஒரு சொட்டு ஆயில் குடிக்காது. ஊத்துன அளவு குறையவே இல்ல, கூடத்தான் செய்யுது" என்பீர்கள். என்ஜினுக்குள் ஆயில் தானாக ஊறுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. முதலாளி சொன்னால் தலையை ஆட்டாமல் வேறு என்ன செய்வார்கள்!

எண்ணெய் குடிக்காத அந்த வண்டி, நடுரோட்டில் நிற்க மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டது. எட்டயபுரம் தாண்டி எப்போதும்வென்றான் ஊரை நெருங்கும்போது இழுத்து இழுத்து நின்றுவிடும். நம் பக்கத்து வெயிலில் எல்லாரும் செய்வதைத்தான் நீங்களும் செய்தீர்கள். "சூடு பிடிச்சிருச்சு" என்று சொல்லி, தோள் துண்டை நனைத்து, டாங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து என்ஜினுக்குக் கொடுக்கிற அந்தச் சின்னப் பம்பின் மேல் சுற்றிவிட்டு, வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்துவிடுவீர்கள். காய்ச்சல்காரனுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டது மாதிரி இருக்கும். கால்மணி நேரம் கழித்து வண்டி கிளம்பினால், "பாத்தியாட்டி?" என்று பெருமை வேறு.

வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்த வியாழக்கிழமை பின் சீட்டில் கால்கட்டோடு அப்பா கிடந்தார். குளத்தூரிலிருந்து அவரைக் கோவில்பட்டிக்குக் கூட்டி வந்துகொண்டிருந்தோம். மதுரையிலிருந்து எலும்பு டாக்டர் வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். நாம் மூன்று தடவை நின்று நின்று வந்து சேர்ந்தபோது அவர் கிளம்பிப் போயிருந்தார். அடுத்த வியாழனும் தவறினால் எலும்பு கோணலாகக் கூடிவிடும் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். அப்பா நம் வீட்டில் தங்க மாட்டேன் என்று பிடிவாதமாக ஊருக்குத் திரும்பிவிட்டார். வாடகைக் கார் பேசலாம் என்றேன். "மருமகன் வண்டி வச்சிருக்கையில மாமா வாடகை வண்டியிலயா வருவாவ?" என்றீர்கள். உங்கள் வறட்டுக் கௌரவத்தில் இடி விழ என்று மனசுக்குள் திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் குச்சியைத் துடைத்துப் போட்ட பழந்துணியைத் துவைக்க எடுத்தேன். வாடை சரியில்லை. செக்கு வைத்திருந்த வீட்டில் பிறந்தவள் நான். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்த்துக் கலப்படம் சொல்ல அப்பா என்னைத்தான் கூப்பிடுவார். வண்டியிலிருந்து குச்சியை உருவி அதே மாதிரி தேய்த்தேன். ஆயில் தண்ணீராக ஓடியது. பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது.

"என்னங்க, ஆயில்ல பெட்ரோல் கலந்து கெடக்கு."

"ஏட்டி, இது ஒங்க அப்பா செக்குன்னு நெனச்சியோ? போய்ச் சோலியப் பாரு."

இரண்டு நாள் பொறுத்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் உங்கள் முன்னால் போய் நின்றேன். "எங்கப்பா கால் கோணிப் போச்சுன்னா, அந்த ஈரத்துண்ட ஒங்க தலையிலதான் சுத்துவேன்" என்றேன். நான் சிரிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

மெக்கானிக் அவர் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தார். நீங்களே பம்பிலிருந்து போகிற குழாயைக் கழற்றி ஒரு சோடா பாட்டிலுக்குள் விட்டீர்கள். "நீ ஏறி சாவியத் திருப்பு" என்றீர்கள். அதுவரை அந்த சீட்டில் என்னை உட்கார விட்டதே இல்லை. திருப்பினேன். பீச்சி அடிக்க வேண்டிய பெட்ரோல் மூக்கு ஒழுகுவது போல வந்து நின்றது. இரண்டு நட்டைக் கழற்றிப் பம்பை எடுத்துப் பிரித்தீர்கள். உள்ளே இருந்த ரப்பர் தகடு நக அளவுக்குக் கிழிந்திருந்தது. அதன் வழியாகத்தான் பெட்ரோல் கீழே இறங்கி ஆயிலில் சேர்ந்திருக்கிறது. நீங்கள் ஊரெல்லாம் சொன்ன அந்தக் கூடுதல், பெட்ரோல்!

பஜாருக்குப் போய்ப் புதுப் பம்பும் அடியில் வைக்கிற பேக்கிங்கும் வாங்கி வந்து மாட்டினீர்கள். பழைய ஆயிலை முழுக்க இறக்கினீர்கள். அது சட்டியில் கொட்டுவதை நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குப் பாவமாக இருந்தது.

வியாழக்கிழமை அப்பாவோடு வரும்போது எப்போதும்வென்றான் வந்தது, போனது. நனைத்து வைத்த துண்டு வேலையில்லாமல் என் மடியிலேயே இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பேர் இருக்க, அப்பா கேட்டார்: "மாப்ளே, போன வாரம் நின்ன வண்டியா இது? யாரு பாத்தது?"

நான் வேறு பக்கம் பார்த்தேன். நீங்கள்தான் பார்த்ததாகச் சொல்வீர்கள், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

"ஒங்க மகதான் மாமா. மோந்து பாத்துச் சொன்னா. நாந்தான் கேக்கல."

அப்பாவின் கால் நேராகக் கூடியது. கடைசி வரைக்கும் கம்பு ஊன்றாமல் நடந்தார். அதைவிட எனக்குப் பெரிசு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். குச்சியை உருவி, ஆயில் சொட்டாமல் துணியை அடியில் பிடித்தபடி அடுப்படி வாசலில் வந்து நின்றீர்கள். "கொஞ்சம் பாரு" என்றீர்கள். நான் முகர்ந்து சரி என்றதும், "நீ சொன்னா சரிதான்" என்று போய்விட்டீர்கள். அதன்பிறகு ஒரு ஞாயிறு தவறவில்லை. வேறு எந்த மன்னிப்பும் நீங்கள் கேட்டதில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது ஆபீஸை நான்தான் பார்க்கிறேன். தீக்குச்சிக்கு வாங்குகிற மெழுகில் வாடை சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் கொண்டுவந்தவன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். உங்கள் அந்த நாலு வார்த்தை போதாதா எனக்கு? மூன்றுதானோ? எண்ணிப் பார்த்ததில்லை.

வண்டி நாளைக்குப் போகிறது. இன்று ஞாயிறு. காலையில் நானே குச்சியை உருவிக்கொண்டு வந்து, அடுப்படி வாசலில் நீங்கள் நிற்கிற இடத்தில் நின்று முகர்ந்தேன்.

"சுத்தமா இருக்குங்க" என்றேன். கல்லில் ஊற்றியிருந்த தோசை கருகுகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.