அப்பாவைச் சுற்றி ஓடும் டிராக்டர்

அன்பு மகள் லியெனுக்கு அம்மா எழுதுவது. நானும் தம்பி ஹுவானும் சுகம், கொரியாக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். இங்கே வெள்ளம் வடிந்துவிட்டது. சிற்றகத்திப் பூவும் பொடி மீனும் போட்டுப் புளிக்குழம்பு வைக்கும்போதெல்லாம் உன் பங்கையும் சேர்த்து ஹுவான்தான் தின்கிறான்.

டிராக்டர் விஷயத்துக்கு வருகிறேன். சின்ன வண்டி வேண்டாம், பெரிய வண்டியே வாங்குங்கள், அது திரும்ப இடம் போதாவிட்டால் வயல் நடுவில் இருக்கும் அப்பாவின் சமாதியை வீட்டுப் பக்க மேட்டுக்கு மாற்றிவிடலாம் என்று போனில் சொன்னாய். ஹுவானும் அதே பாட்டுத்தான் பாடினான். இரண்டு வண்டியையும் நம் சேற்றில் ஓட்டிப் பார்க்காமல் உங்கள் அப்பாவை அசைக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

வாய்க்காலுக்கு அக்கரையில் வாடகைக்கு உழும் கோய் மாமா தன் பெரிய வண்டியைக் கொண்டுவந்தார், சின்னதை விற்கிறவரே அனுப்பிவைத்தார். முதலில் மக்காச்சோளம் போடும் மேட்டுத் துண்டில் விட்டோம். அடேயப்பா, கட்டாந்தரையாகக் கிடந்த மண்ணைப் பெரியது புரட்டிப் போட்டுக்கொண்டே போனதைப் பார்த்து எனக்கே ஆசை வந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். சின்னது அங்கே கலப்பையை ஆழமாக இறக்கியதும் முக்கியது, சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. கனம் இல்லாவிட்டால் பிடிமானம் இல்லை என்று அன்றுதான் புரிந்தது. "இது டிராக்டரா, பிள்ளைங்க ஓட்டுற பொம்மையா?" என்று மாமா ஒரே கிண்டல்.

பிறகு நெல் வயலில் இறக்கினோம், நான் மூங்கில் கழியோடு பின்னாலேயே நடந்தேன். சேற்றுக்கு அடியில் கெட்டியாக ஒரு தரை இருக்கிறதே, நம் வயலில் தண்ணீரைப் பிடித்து வைப்பது அதுதானே. பெரிய வண்டியின் கனத்தில் அந்தத் தரை உடைந்து, அதன் தடத்தில் கழியை ஊன்றினால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது, சின்னதின் தடத்தில் டொக்கென்று நின்றது. நம்பாமல் மறுபடி மறுபடி குத்திப் பார்த்தேன். "என்னக்கா, மீனா குத்துறீங்க?" என்றார் மாமா. சமாதிப் பக்கம் வந்ததும் அவர் வண்டி அகலமாக வளைந்து, ஒரு வீடு கட்டுகிற அளவு நிலத்தை உழாமல் விட்டுப் போயிற்று. அடுத்த சுற்றில் ஒட்டி வளைக்கிறேன் பார் என்று ரோஷத்தில் திருப்பினார், சக்கரம் வழுக்கி, சமாதிக்கு ஒரு சாண் தள்ளிப் புதைந்து நின்றது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சின்ன வண்டியில் கயிறு கட்டி இழுத்தும் அசையவில்லை, தோண்டிப் பலகை போட்டுத்தான் வெளியே எடுத்தோம்.

அப்புறம் ஹுவான், நாம் எப்போதும் செய்கிறபடி அப்பாவுக்கு ஊதுபத்தி கொளுத்தி வைத்து, சின்ன வண்டியில் ஏறினான். சமாதியை நெருங்கும்போது, "அப்பா, காலை மடக்கிக்குங்க, வண்டி வருது!" என்று கத்தினான். வாசலில் வலைத் தொட்டில் கட்டி, வழியை மறித்துக் காலை நீட்டிப் படுத்திருப்பாரே, நீங்கள் இருவரும் சைக்கிளில் வரும்போது இப்படித்தானே கத்துவீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓர் அடிகூட விடாமல் சமாதியை ஒட்டி உழுதுகொண்டு போனான். இறங்கி வந்தவன் மேட்டுக்கு மாற்றும் பேச்சையே எடுக்கவில்லை.

சின்னதையே வாங்குகிறோம். மேட்டுத் துண்டுக்கு மாமாதான், நான் கழியைக் கொண்டுவரக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, தூரத்திலிருந்து பார்த்தால் வயலின் அளவுதான் தெரியும். வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும். புத்தாண்டுக்கு வரும்போது நீயே ஓட்டிப் பார். சமாதிப் பக்கம் போனால் குரல் கொடுக்க மறந்துவிடாதே, அவர் காலை நீட்டிக்கொண்டுதான் இருப்பார்.

இப்படிக்கு,
கால் சேற்றைக் கழுவாமலே எழுதும் உன் அம்மா
தியெப்