இலங்கை காட்டாத கப்பல்

ஐப்பசி 9, வியாழன்

தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி மூடியதிலிருந்து குன்னூரில் உல்லாசக் கப்பல் டிக்கெட் விற்கிறேன். பெரும்பாலும் சென்னையில் கிளம்பி, நடுக்கடலில் சுற்றி, சென்னைக்கே திரும்பும் கப்பல்கள். ஒன்றுதான் இலங்கை போகும்.

சிறுவயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த மாரிமுத்து ஐயா, மனைவியோடு அந்தக் கரையை ஒருமுறை பார்க்க ஆசைப்பட்டார். அந்தக் கப்பலில் இடமில்லை. வந்தவரை விட மனமில்லாமல், "எல்லாக் கப்பலும் அந்தப் பக்கந்தானுங்க போகும்" என்று சொல்லி, இளவட்டங்கள் ஆட்டம் போடும் கப்பலில் ஏற்றிவிட்டேன்.

இன்று கொய்யாப்பழத்தோடு வந்தார்.

"ரெண்டாம் ராத்திரி தூரத்துல வரிசையா வெளிச்சம் தெரிஞ்சிச்சு தம்பி. ரெண்டு பேரும் கும்பிட்டோம். இலங்கைதானே?"

மீன்பிடிப் படகுகளாக இருக்கும். "ஆமாங்க" என்றேன்.

"தங்கச்சியும் ஒருக்கா பார்க்கணும்ங்குறா. அதே கப்பல்ல அனுப்பிவிடுங்க."

தங்கச்சியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். சீ.