காசில்லாத நத்தைப் பந்தயம்

மார்ச் 4, செவ்வாய்

பல் தேய்த்துக்கொண்டே இவர் கேட்டார்: "இன்னைக்கு எத்தனை நத்தைக்குக் கருத்தடை?" வாய் நிறைய நுரையோடு அவரே சிரித்துக்கொண்டார். இந்த ஒரு ஜோக்கை இரண்டு வருஷமாக ஓட்டுகிறார் மனுஷன்.

தப்பாகவும் சொல்லவில்லை. என் வேலை அதுதானே. எங்கள் கம்பெனியின் நத்தைப் பந்தய விளையாட்டுக்கு வருகிறவர் முதலில் நிஜப் பணம் கொடுத்து இரண்டு நத்தை வாங்க வேண்டும். பந்தயத்தில் ஓடவிட்டால் (நத்தை எங்கே ஓடும், ஊரவிட்டால்) காசு விழும். பிளாக்செயினில் பதிவாகிற காசு, விற்றால் நிஜப் பணமாகிவிடும். நத்தை முட்டையிடும், குஞ்சுகளைப் புதிதாக வருகிறவருக்கு விற்கலாம். ஒரு பந்தயத்துக்கு எத்தனை காசு, ஒரு நத்தைக்கு எத்தனை முட்டை — இந்த இரண்டு எண்களும் என் கையில். பள்ளிக்கூடத்தில் கணக்கில் கோட்டை விட்டவளுக்கு வந்த வாழ்வு!

இன்று மழைப் பந்தயம் என்ற புதுப் பந்தயத்தைச் செய்து முடித்தோம். தடத்தில் மழை பெய்யும், ஓடு நனையும், நத்தைக்குக் கொஞ்சம் வேகம் கூடும். எங்கள் ஓவியர் அந்த ஈர ஓட்டுக்கு ஒரு மினுமினுப்பு வைத்திருக்கிறார், பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவரிடமே சொன்னேன். "ம்" என்றார். அவருக்கு அது பெரிய பேச்சு.

மார்ச் 11, செவ்வாய்

முட்டை எண்ணிக்கை மறுபடி எகிறிவிட்டது. வாரத்துக்கு ஒன்றுதான் என்று குறைத்தேன். ஆடுகிறவர்கள் திட்டித் தீர்க்கிறார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

வாண்டு வந்திருந்தாள். இவருடைய தங்கை. முப்பது வயதாகியும் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நாள் முழுக்க நின்றே வேலை. வந்ததும் சோபாவில் சரிந்து இரண்டு காலையும் அண்ணன் மடியில் தூக்கிப் போட்டாள். நான்கு மாதமாக அவளும் நத்தைக்காரி. சம்பளத்தில் முக்கால்வாசி அதிலேயே வந்துவிடுகிறதாம்.

பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். "அண்ணி, இதுல பிழை ஏதும் இருக்கான்னு பாருங்க."

ராஜினாமாக் கடிதம். மாதக் கடைசியில் கொடுக்கப்போகிறாளாம். இனி நத்தைதான் முழுநேரத் தொழில்.

"அழகா எழுதியிருக்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஏன்? கம்பெனி எண்களை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அது ஒரு காரணம். இன்னொன்று — இந்த விளையாட்டு நிலைக்காது என்று எனக்கு நானே கூட இதுவரை சொல்லிக்கொண்டதில்லை. இதோ, எழுதிவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

எழுதத்தான் எழுதினேன், முழுதாகவே எழுதிவிடுகிறேன். ஆடுகிறவர் எடுத்துப்போகும் பணம் எங்கிருந்து வருகிறது? நாங்கள் கொடுப்பதில்லை. நத்தை ஊர்ந்தால் பணம் முளைக்காது. நேற்றுச் சேர்ந்தவர் நத்தை வாங்கக் கொடுத்ததைத்தான் போன வருஷம் சேர்ந்தவர் எடுத்துப்போகிறார். நேற்றுச் சேர்ந்தவருக்கு நாளைக்கு ஒருவர் வந்தாக வேண்டும். நத்தைகள் மாதாமாதம் இரட்டிக்கின்றன, மனிதர்கள் இரட்டிப்பதில்லை. முட்டையைக் குறைத்துப் பார்த்தேன். இரண்டு நத்தையை அழித்தால் ஒரு தங்க ஓடு என்று வைத்துப் பார்த்தேன். எதுவுமே மூன்று வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. ஒழுகுகிற கூரைக்குக் கீழே பாத்திரத்தை மாற்றி மாற்றி வைக்கிற உத்தியோகம்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், கத்த மாட்டார்.

"இன்னும் ஒரு லட்சம் பேர் வந்தா எல்லாம் சரியாயிடும்மா."

"அந்த லட்சம் பேருக்கு அப்புறம் யார் சார் வருவாங்க?"

டீ குடித்துவிட்டு வரச் சொன்னார்.

மார்ச் 20, வியாழன்

சொல்லிவிட்டேன். கையெழுத்தாவது ஒன்றாவது.

மதியம் மருந்தகத்துக்கே போனேன். பெட்டிகள் அடுக்கிய பின்னறையில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"லெட்டரைக் குடுத்துடாத. இது ரொம்ப நாள் ஓடாது. அந்த எண்களைப் போடறவளே நான்தான், எனக்குத் தெரியும்."

முழுதாகக் கேட்டாள். சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "தெரிஞ்சுமா இவ்வளவு நாள் சும்மா இருந்தீங்க?"

பெட்டி மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"இல்ல, நான் கொஞ்சம் நிமிர்றது உங்களுக்குப் பொறுக்கலையா அண்ணி?"

பஸ்ஸில் அழுதுவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெண்மணி எழுந்து எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தாள். அவ நல்லா இருந்தா எனக்கென்ன வயித்தெரிச்சல்? காய்ச்சல்ல கிடந்தப்ப பத்து நாள் என் பக்கத்துலயே உக்காந்திருந்தவ அவ. ஆனா முதல் கேள்வி கேட்டாளே — தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்கன்னு — அதை நானே என்னை ஒரு தடவை கூடக் கேட்டுக்கிட்டதில்ல.

மார்ச் 21, வெள்ளி

"அவ இனிமே எங்கிட்ட பேசாமலே இருந்துட்டா என்ன பண்றது?" என்று இவரிடம் கேட்டேன். "எங்கிட்ட பேசுவா, உன்னைத் திட்டறதுக்கு" என்றார். ஆறுதல் சொல்கிற லட்சணம்.

மார்ச் 25, செவ்வாய்

என் கைவரிசை. நேற்றுக் காலை பந்தயக் காசைக் குறைக்கும்போது புள்ளிக்குப் பின்னால் ஒரு பூஜ்யம் அதிகமாகப் போட்டுவிட்டேன். அவ்வளவு சின்ன எண்ணை எங்கள் நிரல் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும். பந்தயம் நடந்தது, மழை பெய்தது, காசு மட்டும் விழவில்லை. பத்து மணிக்குள் செய்தி பரவிவிட்டது. சரிசெய்ய இன்று காலை ஆகிவிட்டது. தினமும் நாற்பதாயிரம் பேர் ஆடுகிற இடத்தில் நேற்று செய்தி பரவிய பிறகு ஆடியவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டேன். பிறகு எனக்கொரு குறுகுறுப்பு. காசு கிடையாது என்று தெரிந்தும் ஆடிய பிரகஸ்பதிகள் யார்? பட்டியலை எடுத்து வரிவரியாகப் படித்தேன்.

பாதியில் 'மாத்திரை மகாராணி'. விளையாட்டில் நம் வாண்டு வைத்துக்கொண்ட பெயர்! மழைப் பந்தயம் மட்டும் பதினொரு தடவை.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எட்டிப் பார்த்த ஓவியரிடம் பட்டியலைக் காட்டினேன். "முந்நூறு பேரா!" என்றார். முகமெல்லாம் பூரிப்பு. ஆபீஸே இழவு வீடு மாதிரி இருக்கிறது, இந்த மனுஷன் ஒருவருக்குத்தான் அந்த எண் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. யோசித்தால் எனக்கும்தான்.

மார்ச் 27, வியாழன்

ஃபோன் போட்டேன். எடுத்தாள்!

"திங்கக்கிழமை காசு வராதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு ஆடின?"

"அந்த மழை நல்லா இருந்துச்சு." பிறகு குரல் இறங்கியது. "ஆனா ஒரே நாள்ல எல்லாரும் ஓடிட்டாங்க அண்ணி. என் குஞ்சுங்களைச் சீந்த ஆள் இல்ல. அதான் லெட்டரைக் கிழிச்சுப் போட்டுட்டேன். உடனே பல்லைக் காட்டாதீங்க, கோபம் அப்படியேதான் இருக்கு."

பல்லைக் காட்டினேன். ஃபோனில் தெரியவா போகிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

காசை மறுபடி விழவைத்தும் பலர் திரும்பவில்லை. அதன் விலை பாதியாகிவிட்டது. முதலாளியின் மேஜையில் இரண்டு பக்கம் எழுதி வைத்தேன்: காசை எடுத்துவிடலாம், வெறும் விளையாட்டாக ஒரே விலைக்கு விற்கலாம். படித்துவிட்டு, "யார்மா வாங்குவா?" என்றார். "முந்நூறு பேர்" என்றேன். இன்றைக்கு டீ கூடக் குடிக்கச் சொல்லவில்லை.

ஏப்ரல் 30, புதன்

முதலாளி ஒப்புக்கொண்டார். என் எழுத்தைப் பார்த்து அல்ல, வேறு வழி இல்லாமல். கம்பெனியில் பத்தொன்பது பேரில் ஐந்து பேர் மட்டும் மிச்சம். நான் உண்டு, மூன்றில் ஒரு பங்கு சம்பளம் குறைவு. ஓவியர் உண்டு.

கடைசி மாதத்தில் சேர்ந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். பாதிதான் முடிந்தது. மீதிக்கு என்னைத் திட்டி வரும் கடிதங்களை ஒன்று விடாமல் படிக்கிறேன். நியாயமான திட்டுதான்.

மே 19, திங்கள்

முட்டையை எடுத்துவிட்டேன். நத்தைகள் இனி பெருகாது. இவருடைய ஜோக்குக்கும் வேலை போய்விட்டது, பாவம்.

எத்தனை வருஷம் ஆயிற்று, தடம் எப்படி வளைந்தால் வேடிக்கையாக இருக்கும் என்று மட்டும் ஒரு நாள் முழுக்க யோசித்து! வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

காசில்லாத விளையாட்டை ஒன்பது மணிக்கு விற்பனைக்குத் திறந்தோம். வாண்டுவுக்கு ஒன்றை இலவசமாக அனுப்ப எடுத்து வைத்திருந்தேன், மதியம் அனுப்பி ஆச்சரியப்படுத்தலாம் என்று. ஐந்து பேரும் ஒரே திரையின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். ஒன்பது இரண்டுக்கு முதல் விற்பனை.

மாத்திரை மகாராணி.

வராந்தாவுக்கு ஓடிப்போய் அவளைக் கூப்பிட்டேன். "ஏண்டி, உனக்கு ஓசியில தரலாம்னு வச்சிருந்தேனே!"

"மாசம் பொறந்தா சம்பளம் வாங்கறவ அண்ணி நான். எனக்கு எதுக்கு ஓசி?" பின்னால் யாரோ மருந்துச் சீட்டை நீட்டிக் கூப்பிடுவது கேட்டது. "கவுன்டர்ல கூட்டம், வைங்க ஃபோனை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் ஆடணும்."