பெட்டியில் ஏழாவது துண்டு

என் பாசத்துக்குரிய நஸீர் நானாவுக்கு,

ஏழு துண்டு வைத்துவிட்டேன், நானா. ஆறு என்பதுதான் விதி. மனேஜர் அதை வாசித்தபோது நீங்களும் நானும் குசினி வாசலில் ஒன்றாக நின்றுதான் கேட்டோம். அப்படியிருந்தும் ஏழு. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நீங்கள் போன விதத்தை இங்கே ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஓட்டோக்காரர் என்னைப் பார்த்து, "எங்க வெடிச்சது?" என்றார்.

"ஒண்டும் வெடிக்கேல்ல."

"அப்ப ஆர் சுட்டது?"

"ஒருத்தரும் சுடேல்ல அண்ணை. நெஞ்சுவலி."

நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்திருப்பார். மேலே ஒன்றும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினார். பாலையூற்றுச் சந்தியில் இறங்கினால் அங்கேயும் இதே கேள்வி. சமாதானம் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிகிற இந்த நாட்களிலும் எங்களுக்கு வேறு விதமான சாவு தெரியாமல் போய்விட்டது. எனக்கும்தான் தெரியவில்லை. நாற்பத்தாறு வயது மனிதர், கையில் இடுக்கியோடு தணலுக்கு முன்னால் நின்று, "தங்கச்சி, அந்த ஈரத்துணிய எடுங்க" என்று கேட்டுவிட்டு விழுவாரா? துணியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். நீங்கள் நிலத்தில் கிடந்தீர்கள். அவ்வளவுதான் நடந்தது. எத்தனை தரம் யோசித்தாலும் அதற்குள் வேறு எதுவும் இல்லை. உங்கள்மேல் எனக்குக் கோபம், நானா. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விழுந்திருக்கக் கூடாதா?

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கடற்கரையோரத்து விடுதி ஒன்றின் குசினியில், நான் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் நஸீர் அடுப்புக்காரர், நான் சலாது மேசைக்காரி. அவர் சுடுவார். அதைப் பார்க்க வடிவாகத் தட்டில் வைப்பது என் வேலை. அவர் கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியிலிருந்து வருவார். நான் பாலையூற்று. இரண்டு பேருக்கும் வாய் நீளம். அதனாலேயே குசினியில் எங்களுக்கு நடுவில் ஒருவரும் வரமாட்டார்கள்.

சண்டை நின்ற பிறகு வெளிநாட்டுக்காரரும் கொழும்புக்காரரும் மெல்ல மெல்ல வரத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து, இந்தக் கரையிலுள்ள விடுதிகளெல்லாம் சேர்ந்து கோழி பாபிகியூப் போட்டி ஒன்று வைக்கத் தீர்மானித்தன. போட்டியென்றால் தட்டில் குவித்துக் கொடுப்பதல்ல. மூடியுள்ள வெள்ளைப் பெட்டி ஒன்று தருவார்கள். உள்ளே பச்சை இலை பரப்பி, அதன்மேல் ஒரே அளவான ஆறு துண்டுகள். யாருடைய பெட்டி என்று காட்டுகிற எந்த அடையாளமும் இருக்கக் கூடாது. நடுவர்கள் மூடியைத் திறந்து முதலில் பார்வைக்குப் புள்ளி போடுவார்கள், பிறகுதான் வாயில் வைப்பார்கள்.

"பாத்துட்டுப் புள்ளியா?" என்று சிரித்தீர்கள். "அப்ப இது உங்கட போட்டி தங்கச்சி. நான் சும்மா கரி ஊதுற ஆள்."

ஆனால் சும்மா இருந்தீர்களா? சலாது இலை மலைநாட்டிலிருந்து வரவேண்டும். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறக்கி ஏற்றி, இங்கே வரும்போது வாடி வதங்கிப் போயிருக்கும். வாழையிலையை நெருப்பில் வாட்டி எண்ணெய்த் துணியால் துடைத்தால் பளபளக்கும் என்று நான் சொன்னேன். அதை ஏற்றுக்கொண்டீர்கள். தக்காளியில் பூ செதுக்கி ஓரத்தில் வைக்கிறேன் என்றபோதுதான் பிடித்தது சண்டை.

"கோழிக்கு என்ன கலியாணமா? அது கோழி மாதிரி இருக்கட்டும்."

"வெறுமனே வைச்சா ஆர் பாக்கிறது நானா?"

"எலும்பு நுனி எல்லாத்தையும் ஒரே பக்கம் திருப்பி வைங்க. துறையில பாதைப் படகுக்கு நிக்கிற சனம் மாதிரி வரிசையா நிக்கட்டும். அது போதும்."

கடைசியில் பூவை விட்டுக் கொடுத்தேன். நீங்கள் சொன்னதுபோல வைத்துப் பார்த்தபோது உண்மையாகவே வடிவாக இருந்தது. அதை உங்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு மேலே ஏறிவிடுவீர்கள்.

நீங்கள் விழுந்தது போட்டிக்கு முதல் நாள் மதியத்துக்கு முன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதே உயிர் இல்லை என்றார்கள். உங்கள் மைத்துனர் வந்து வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன், தெரியுமா? எங்கள் ஆட்களின் கணக்கைப் போட்டேன். எங்களில் ஒருவர் போனால் தூரத்துச் சொந்தம் வந்து முகம் பார்க்கும்வரை ஒரு நாளாவது வைத்திருப்பார்கள். அந்த நினைப்பில் தணலை அணைத்தேன். நீங்கள் அறுத்து, துண்டாக்கி, மசாலா பூசி வைத்திருந்த கோழியை ஐஸில் வைத்தேன். வீட்டுக்குப் போய்க் குளித்து வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு புறப்பட்டேன்.

கிண்ணியாத் துறையில், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப்படகில் ஏற வரிசையில் நின்றபோது, அக்கரையிலிருந்து தொப்பி போட்ட ஆட்கள் வந்து இறங்கினார்கள். எல்லோர் முகமும் கழுவினாற்போல் இருந்தது. ஒருவரிடம் கேட்டேன்.

"நஸீர் நானாட வீட்டுக்கா? அஸர் தொழுகையோட அடக்கியாச்சே தங்கச்சி."

இத்தனை வருஷம் உங்களோடு வேலை செய்தவள். உங்கள் ஆட்களில் வைத்திருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு மூளையில் ஏறவில்லை. அது கடைசிப் பாதை. ஏறினால் திரும்ப வழியில்லை. வெள்ளைச் சேலையோடு கரையில் நின்றுவிட்டுத் திரும்பினேன். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை, நானா.

மறுநாள் காலையில் மனேஜர், "நாங்க விலகுவம் யோகா. அந்தக் கோழிய எறிஞ்சு விடுங்கோ" என்றார். எறிவதா? உங்கள் கை கடைசியாகத் தொட்ட சாமான் அது. முகத்தைத்தான் பார்க்கக் கிடைக்கவில்லை, உங்கள் கோழியாவது அந்த மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். அதைத் தவிர வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

"எறிய ஏலாது. நான் சுடுறன்," என்றேன்.

அடுப்பின் முன்னால் நான் நின்றதே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். சிரட்டைக்கரி மூட்டினேன். புகை கண்ணைக் கரித்தது. தெரிந்தெடுக்க வசதியாக நீங்கள் கூடுதலாகவே வெட்டி வைத்திருந்தீர்கள். எல்லாவற்றையும் சுட்டேன். தோலில் கரி பிடித்த இடத்தைத் தேசிக்காய்ச் சாறு நனைத்த துணியால் ஒற்றினேன். கித்துள் பாணியும் புளியும் சேர்த்து நீங்கள் காய்ச்சி வைத்ததைத் தூரிகையால் மெல்லிசாகப் பூசினேன். வாட்டிய வாழையிலையைப் பரப்பி, ஆறு துண்டையும் இரண்டு வரிசையாக, எலும்பு நுனியெல்லாம் ஒரே பக்கம் பார்க்க வைத்தேன். பெட்டியின் ஓரத்தில் பட்ட எண்ணெயையும் துடைத்தேன். இவ்வளவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு செய்தது ஞாபகம் இல்லை. மூடியை மூடிவிட்டு நான் கைகூப்பிக் கும்பிட்டேன் என்று மனேஜர் பிறகு சொன்னார்.

நடுவர்கள் புல்வெளியில் நீள மேசையில் இருந்தார்கள். முன்னால் துறைமுகத்தில் கடற்படைக் கப்பல் நின்றது. கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மாதான் தலைமை நடுவர். எங்கள் மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றார். பிறகு பெட்டியை மற்றவர்களுக்குக் காட்டினார். அப்போதுதான் நானும் பார்த்தேன். இருந்ததில் நல்ல துண்டைத் தெரிந்து, இலையின் நுனிப்பக்கம், வரிசைக்கு வெளியே தனியாக வைத்திருந்தேன். செத்தவருக்குப் படைக்கிறபோது வைப்பதுபோல.

போட்டிப் பெட்டிக்குள் உங்களுக்குப் படையல் வைத்திருக்கிறேன். உங்கள் மார்க்கத்தில் இல்லாத ஒன்றை, உங்களைக் கேட்காமல்.

"இது ஆர்ட பெட்டி?" என்று அந்த அம்மா கேட்டார். நான் எழும்பினேன்.

"ஏன் பிள்ளை ஏழு?"

மனேஜர் கிட்டப்போய் அவருடைய காதுக்குள் ஏதோ சொன்னார். அம்மா என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வடிவா இருக்கு. ஆனா இது அடையாளம் வைச்ச பெட்டி. புள்ளி போட ஏலாது பிள்ளை. ருசி பாக்கவும் ஏலாது."

நியாயம்தான். அவரோடு எனக்குக் கோபமில்லை. பெட்டி திரும்பி வந்தது, ஒருவரும் தொடாமல். அதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிட்டேன். சோதனைச் சாவடியில் காவலுக்கு நின்ற பொடியன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். அவனும் பார்த்துவிட்டு மூடச் சொன்னான்.

பாதை கடந்து போனபோது உங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மௌத்து விழுந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு கொண்டுவருவார்கள் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் மனைவி சுபைதா ராத்தா பாயில் இருந்தார். பக்கத்தில் உங்கள் இரண்டு மகள்மார். நான் பெட்டியை நீட்டினேன். வாசலில் நின்ற உங்கள் மைத்துனர் ஹலாலா என்று தெரிந்துகொள்ள வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"ஆரு அறுத்த கோழி தங்கச்சி?"

"நானாதான்," என்றேன்.

கேட்டவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். உங்கள் சின்ன மகள் என் முகத்தையே பார்த்தாள். ராத்தா பெட்டியை வாங்கி, "பிஸ்மி" சொல்லி, ஒவ்வொருவருக்காகக் கொடுக்கத் தொடங்கினார். வீட்டிலிருந்த எல்லோருக்கும் கொடுத்த பிறகும் நுனியில் அந்தத் துண்டு மிஞ்சியிருந்தது.

"இது ஆருக்கு?"

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. "நானாவுக்கு."

ராத்தா கோபிக்கவில்லை. பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "அவரு இனிச் சாப்பிட மாட்டாரு தங்கச்சி."

முதல் நாளிலிருந்து எத்தனையோ பேர் எவ்வளவோ சொன்னார்கள். மௌத்து என்றார்கள், அடக்கியாச்சு என்றார்கள். எதுவும் எனக்குள் இறங்கவில்லை. இது இறங்கியது. வாசலில் நின்றபடி குழறி அழுதேன். ராத்தா அந்தத் துண்டை எடுத்து என் கையில் வைத்து, "நீங்க சாப்பிடுங்க. நேத்திலருந்து சாப்பிட்டிருக்க மாட்டீங்க," என்றார்.

சாப்பிட்டேன், நானா. காய்ந்துபோய் இருந்தது. கூட நேரம் நெருப்பில் விட்டுவிட்டேன். பார்க்கத்தான் வடிவு. நடுவர்கள் வாயில் வைக்காதது உங்கள் பெயருக்கு நல்லது.

இன்று எங்கள் கணக்கில் உங்கள் எட்டுச்செலவு. போனவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து இலையில் படைக்கிற நாள். விடிந்ததிலிருந்து கை பரபரத்தது. சமைத்தேன், படைக்கவில்லை. சட்டியைத் துணியால் கட்டிக்கொண்டு பாதை ஏறினேன். ராத்தா, கணவரை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருக்கிறார், அது முடியும்வரை படி தாண்ட மாட்டார். பெரியவள் வந்து சட்டியை வாங்கினாள்.

துறையில் திரும்பவும் சனத்தை அதிக நேரம் மறிக்கிறார்கள். சண்டை தொடங்கப்போகிறது என்று சொல்லுகிறார்கள். பாதையை நிறுத்திவிடுவார்களா?

ஒரு வாக்குத் தருகிறேன். இனி உங்களுக்கென்று எதையும் எடுத்து வைக்க மாட்டேன். உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். பாதையை மறித்தால், விடும்வரை சட்டியோடு கரையில் நிற்பேன். மீனும் மரக்கறியும் மட்டும்தான், நானா. கோழி கொண்டுபோக ஏலாது. அறுக்க நீங்கள் இல்லை.

ஒரு தாய் வயிற்றில் பிறக்காத உங்கள் தங்கச்சி,
யோகராணி
பாலையூற்று