முகத்தில் காட்டாதே

மரியே வாழ்க

பொம்மிடி
6-7-1986

அன்பு மிகுந்த ஜெசிந்தா அப்பாவுக்கு, சகாயமேரி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

நானும் பிள்ளையும் தேவமாதா தயவில் சுகம். ஆக்ராவில் வெயில் தணிந்ததா? இங்கே ஆனி முடியப் போகிறது, ஒரு தூறல் இல்லை. உங்கள் அண்ணன் மானாவாரிக் காட்டில் கடலை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நம் மாதர் சங்க நடனப் பள்ளியில் இப்போது இருபத்தாறு பிள்ளைகள். சுபான் பாய் சனி, ஞாயிறுகளில் தன் கடலை குடோனை வாடகை வாங்காமல் விட்டிருக்கிறார். மூட்டைகளை ஓரத்தில் அடுக்கிவிட்டு நடுவில் ஆடுகிறோம். ஐந்து நிமிடம் தட்டடவு போட்டால் கடலைத் தொலி பறந்து எல்லாருக்கும் தும்மல் வந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குக் கும்மி, கோலாட்டம் சொல்லித்தர நஞ்சம்மாளைச் சேர்த்திருக்கிறார்கள். நல்ல பெண்தான். ஆனால் ஒரு பிள்ளை களைப்பாக இருக்கிறது என்றால் போதும், மடியில் போட்டுக்கொள்வாள். அவள் வகுப்பைப் பார்த்தால் காரிமங்கலம் சந்தை தோற்றுவிடும். என் பக்கம் அப்படி இல்லை. தாளம் போடுகிற தட்டுக்கழியை மரக்கட்டையில் தட்டினேன் என்றால் குடோனில் ஈ ஆடாது. சேலத்தில் விடுதியில் படித்தபோது எங்கள் டீச்சர் சொல்லித்தந்த முதல் பாடத்தைத்தான் நானும் முதல் பாடமாகச் சொல்லித்தருகிறேன். காலில் என்ன நடந்தாலும் முகத்தில் காட்டாதே, சிரி.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி தருமபுரி விழாவில் நம் பள்ளிக்கு இடம் கிடைத்திருக்கிறது. பெரிய அதிகாரிகள் எல்லாம் வருகிறார்கள். அன்று பேர் வாங்கிவிட்டால் பள்ளிக்கென்று ஓர் இடம் ஒதுக்கித்தரக் கேட்கலாம் என்று சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். புதுக் கடலை வந்தால் குடோனைக் காலி செய்துதானே ஆக வேண்டும்.

முன் வரிசையில் நடுவில் நிற்பது நம் ஜெசிந்தா. என் மகள் என்பதால் கொடுத்தேன் என்று யாரும் நினைக்கக்கூடாது, வாத்தியார் பிள்ளை மக்கு என்றும் சொல்லிவிடக் கூடாது. அதனால் மற்ற பிள்ளைகளை ஒரு தரம் ஆடச் சொன்னால் அவளை மூன்று தரம் ஆடச் சொல்கிறேன். பதினோரு வயதுக்கு அவள் முட்டியை மடித்து உட்காருகிற அரைமண்டியை நீங்கள் பார்க்க வேண்டும்.

இரண்டு நாளாக முட்டி வலிக்கிறது என்று முனகுகிறாள். போன மாதம் தொண்டை வீங்கிக் காய்ச்சலில் நாலு நாள் படுத்தாள் அல்லவா, அந்தச் சோம்பல் இன்னும் போகவில்லை. அரைமண்டி உட்காருகிற எந்தப் பிள்ளைக்கு முட்டி வலிக்காமல் இருந்தது? வெந்நீரில் கல் உப்புப் போட்டுக் காலை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆக்ரா பக்கம் சலங்கை வார்க்கிற ஊர் ஒன்று இருப்பதாக எழுதியிருந்தீர்கள். முடிந்தால் அவளுக்கு ஒரு ஜோடி வாங்கி வையுங்கள். குளிர் வருவதற்குள் உங்களுக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்புகிறேன்.

உங்கள் அன்பு மனைவி,
சகாயமேரி


மரியே வாழ்க

பொம்மிடி
10-8-1986

அன்பு மிகுந்த ஜெசிந்தா அப்பாவுக்கு, ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நாலு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் பிள்ளையின் முட்டிதான். டாக்டரிடம் காட்டினாயா, காட்டினாயா என்று ஐந்து இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவர் நீங்கள், பிள்ளைக்கு இங்கே கால் வலி என்றால் அங்கே நீங்கள் நொண்டுகிறீர்கள்! படித்துச் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உள்ளதைச் சொல்கிறேன், கேளுங்கள். முதலில் வலது முட்டி என்றாள். ஒரு வாரம் போனதும் அது சரியாகி இடது கணுக்காலுக்கு வந்துவிட்டதாம். பிறகு அதுவும் போய் இப்போது மறுபடி முட்டியாம். நிஜ வலி வீடு மாற்றிக்கொண்டா போகும்? நீங்களே சொல்லுங்கள். ஒத்திகைக்குப் பயந்து சாக்குச் சொல்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நஞ்சம்மாள் வேறு நடுவில் வந்து, ஏனுங் டீச்சர், புள்ள காலைத் தொட்டுப் பாருங்க, சுடுதுங்க என்றாள். உன் கும்மியை நீ பார் என்று சொல்லிவிட்டேன். வயதில் என்னைவிட மூத்தவள், அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்தான். அதற்குப் பிறகு அவள் என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நாட்டடவில் ஜெசிந்தா தடுமாறினாள். தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்று காரணம் சொன்னாள். ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அன்றிலிருந்து கால் என்ற பேச்சே இல்லை. மூன்றாம் காலத்தில், வேகம் ஏற ஏற, வேர்த்து ஒழுகுகிறது, மூச்சு இரைக்கிறது, முகத்தில் மட்டும் அந்தச் சிரிப்பு மாறுவதில்லை. என் பிள்ளை பாடத்தைப் பிடித்துக்கொண்டாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

எப்படியும் பதினைந்தாம் தேதி தருமபுரிக்குத்தானே போகிறோம். விழா முடிந்ததும் உங்கள் மனத் திருப்திக்காக டாக்டரிடம் ஒரு தரம் காட்டிவிட்டு வருகிறேன். போதுமா?

உங்கள் அன்பு மனைவி,
சகாயமேரி


பொம்மிடி
12-10-1986

ஜெசிந்தா அப்பாவுக்கு,

நீங்கள் ஆக்ராவுக்குத் திரும்பிப் போய் ஐந்து வாரம் ஆகிறது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். முதலில் பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் இல்லை. கால் வீக்கம் முழுவதும் வடிந்துவிட்டது. ஆனால் அடுப்படியிலிருந்து வாசலுக்கு வந்தாலே மூச்சு வாங்குகிறது. இருபத்தொரு நாளுக்கு ஒரு ஊசி போட வேண்டும், இன்னும் பல வருடம் விடாமல் போட வேண்டும் என்கிறார்கள். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டதாம். ஆபரேஷன் வேண்டியிருக்குமா என்று கேட்டேன். வளரட்டும், பார்க்கலாம் என்றார் டாக்டர். எதைப் பார்க்கலாம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தந்தி கண்டு வந்து பன்னிரண்டு நாள் இருந்தீர்கள். பிள்ளையைத் தூக்கினீர்கள், குளிப்பாட்டினீர்கள், கதை சொன்னீர்கள். என்னிடம் சோறு போதும் என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. வாங்கி வந்த சலங்கையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்காமலே திரும்பக் கொண்டுபோய்விட்டீர்கள். துணி அடுக்கும்போது பார்த்தேன். என்னைத் திட்டியிருந்தால், இரண்டு அறை கொடுத்திருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பதினைந்தாம் தேதி காலையில் விழா மைதானத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட அறையில் அவளுக்கு உடுப்பு மாட்டினேன். வலது முட்டி வீங்கிப் பளபளவென்று இருந்தது. நான் பார்த்தேன். தொட்டும் பார்த்தேன், சுட்டது. அம்மா, காலை ஊனவே முடியலம்மா, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது என்றாள். பத்து நாளாக ஒன்றும் சொல்லாத பிள்ளை அன்றைக்குச் சொன்னாள். மேடைப் பயம் என்றேன். என் பழைய நூல் சேலையில் ஒரு துண்டு கிழித்து முட்டியை இறுக்கிக் கட்டி, அதன் மேல் உடுப்பை இழுத்துவிட்டேன். சிரி என்றேன். சிரித்தாள்.

ஒன்பது நிமிடம் ஆடினாள். ஒரு அடி பிசகவில்லை. கைதட்டல் அடங்குவதற்குள் மேடைக்குப் பின்னால் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நீலம் பூத்திருந்தது. பேச்சு வரவில்லை. நஞ்சம்மாள்தான் அவளைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நான் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

இது ஆடினதால வந்த நோய் இல்லம்மா, தொண்டைப் புண்ணுல இருந்து வர்ற காய்ச்சல், மூட்டு மூட்டா மாறி மாறி வலிக்கிறதுதான் இதுக்கு அடையாளம் என்றார் டாக்டர். எவ்வளவு நாளாக வலி என்று கேட்டார். நாலு நாள் என்று பொய் சொன்னேன். ஆறு வாரம் என்று நஞ்சம்மாள் என் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னாள். அப்பவே படுக்க வெச்சு மருந்து குடுத்திருந்தா என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மாறி மாறி வலித்ததை உங்களுக்கு வேடிக்கையாக எழுதியவள் நான். அந்தக் கடிதத்தை வைத்திருக்கிறீர்களா, கிழித்துப் போட்டுவிட்டீர்களா என்று தெரியவில்லை.

பள்ளியை இப்போது நஞ்சம்மாள் ஒருத்தியே பார்க்கிறாள். தட்டுக்கழியைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டாள். இடம் ஒதுக்கும் பேச்சு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. நானும் அந்தப் பக்கம் போவதில்லை.

ஜெசிந்தாவுக்கு அந்த ஊசி போட்டால் பெரிய ஆள்களே கத்துகிறார்கள். அவள் சிரிக்கிறாள். மூச்சு முட்டுகிறதா என்று டாக்டர் கேட்டால் இல்லைங்க என்று சிரிக்கிறாள். போன முறை அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தப் புள்ள வாயால சொல்றதை நம்பாதீங்க, தூங்கும்போது மூச்சை எண்ணிட்டு வந்து சொல்லுங்க என்றார். மத்தியானம் அவள் கண் அயரும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறேன். வலித்தால் அழும்மா என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். எனக்கு வலிக்கலையேம்மா என்கிறாள். சிரிக்கச் சொல்லிக் கொடுத்த எனக்கு அவளை அழ வைக்கத் தெரியவில்லை.

நீங்கள் அவள் பேருக்கு எழுதிய இன்லண்ட் லெட்டர் செவ்வாய்க்கிழமை வந்தது. கட்டிலில் சாய்ந்துகொண்டு அவளே எனக்குப் படித்துக் காட்டினாள். தாஜ்மகாலில் குரங்கு ஒருவருடைய தொப்பியைப் பிடுங்கிய கதைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். கடைசியில், அம்மாவைக் கேட்டதாகச் சொல், அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை, அம்மாவை வேளைக்குச் சாப்பிடச் சொல் என்று படித்தாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அன்றைக்குக் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினேன். இரண்டு நாள் வயிறாரச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் தூங்கும்போது, அந்த வரியை என் கண்ணால் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று தலையணைக்கு அடியிலிருந்து லெட்டரை எடுத்தேன். முன்னும் பின்னும் பார்த்தேன். மடிப்புக்குள் பார்த்தேன். அப்படி ஒரு வரி அதில் இல்லை. சகாயமேரி என்றோ அம்மா என்றோ ஒரு சொல்கூட இல்லை. பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. மடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அதற்காக இந்தக் கடிதம் இல்லை. அடுத்த முறை அவளுக்கு எழுதும்போது அந்த ஒரு வரியை உங்கள் கையால் எழுதிவிடுங்கள். மனசு வராவிட்டாலும் எழுதுங்கள். பொய்யாகவே இருக்கட்டும், அந்தப் பொய்யை நீங்கள் சொல்லுங்கள். லெட்டரில் இல்லாத அந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் அவளுக்கு மூன்று தரம் மூச்சு வாங்கியது. அப்போதும் சிரித்துக்கொண்டுதான் படித்தாள்.

ஆரோக்கிய மாதா உங்களைக் காப்பாற்றட்டும். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். ஸ்வெட்டர் பாதியில் நிற்கிறது, முடித்து அனுப்புகிறேன்.

ஜெசிந்தாவின் அம்மா